பஸ் டிரைவர் பாலனின் விரதம்

உங்களுக்கு ஒதுக்கப்படும் அறையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கும். உயரம் அளக்க ஒரு கோல் இருக்கும். சுவரில் தட்டுப் படம் ஒட்டியிருக்கும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். நான் ஓய்வு பெற்ற அன்றுகூட அந்தப் படம் என் தலைக்குப் பின்னால்தான் இருந்தது. படத்தில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உங்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர் தட்டிலேயே சாப்பிடுவதில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, தொழிற்சாலை மெஷின் ஓரத்தில் நின்றபடி பிளாஸ்டிக் பையிலிருந்து சாப்பிடுகிறார்கள். படித்து முடித்துச் சுடச்சுட வந்திருக்கும் உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாசிர் கூடாங்கில் ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருந்தவள். துறைமுகமும் ரசாயனத் தொழிற்சாலைகளும் உள்ள ஊர் என்பதால் வருகிறவர்களில் முக்கால்வாசி ஷிஃப்ட் ஆட்கள். கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் நம் ஜனங்களுக்கு ‘மிஸ்ஸி’தான். நர்ஸ் வேறு, நான் வேறு என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

கல்யாண வீட்டுக்குப் போனால் உங்களை ஒரு கேள்வி துரத்தும். “ஏம்மா, இப்ப உள்ள ஆளுங்க ஏன் இப்படிக் குண்டாப் போறாங்க?” கேட்கிறவரே பதிலையும் கையோடு வைத்திருப்பார். வாயைக் கட்டத் தெரியவில்லை, சோம்பேறித்தனம், அவ்வளவுதான். சொல்லிவிட்டு இரண்டாவது ஜிலேபியை எடுத்துக்கொள்வார். எனக்குக் கோபம் வரும். ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டில் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து சோம்பேறியாகி விடுவார்களா? அப்பாவுக்கு இருந்த மனக்கட்டுப்பாடு மகனுக்கு மட்டும் எங்கே காணாமல் போய்விடும்?

குளுவாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் சொல்வார்கள்: “எங்கப்பா குண்டான் நிறையச் சோறு சாப்பிடுவாரு மிஸ்ஸி, ஒல்லிக்குச்சி.” ஆமாம், ஒல்லிதான். இருட்டில் எழுந்து மரம் சீவி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிய உடம்பு அது. பாதி ஒல்லிக்குப் பற்றாக்குறையும் வயிற்றுப் பூச்சியும் காரணம். அதை ஆரோக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன், திரும்பி வரட்டும் என்றும் ஆசைப்பட மாட்டேன். ஆனால் அந்த அப்பாவின் மகன் அவரைவிடக் குறைவாகவே சோறு தின்கிறான். சோற்றைச் சுற்றி இருந்த மற்றதெல்லாம்தான் மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதை எனக்குக் காட்டியவர் பாலன். அவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பாலன் ஃபேக்டரி பஸ் டிரைவர், நாற்பதைத் தாண்டியவர். பெர்மாஸ் ஜெயா ஃப்ளாட்டுகளிலிருந்து காலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் பாசிர் கூடாங்கில் இறக்குவார். ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மாலையில் அதையே மறுபடி செய்வார். இடைப்பட்ட நேரத்தில் பஸ்ஸின் கடைசி சீட்டில் குட்டித் தூக்கம். மனைவிக்குச் சிங்கப்பூரில் வேலை. இவர் எழுவதற்கு முன்பே அவர் பாலம் தாண்டப் புறப்பட்டு விடுவார்.

“நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமைதான் மூஞ்சியப் பார்த்துக்கிறது, மிஸ்ஸி. மத்த நாள் வாட்ஸ்அப்ல குடும்பம்,” என்று சிரிப்பார்.

பெரிய உடம்பு, இனிப்பு நீர் என்று இங்கே சொல்லும் சர்க்கரை வியாதி வேறு. மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். லைசன்ஸ் புதுப்பிக்க டாக்டரின் கையெழுத்து வேண்டும். எங்கள் கிளினிக் டாக்டர், கண்டிப்பான மலாய்ப் பெண்மணி, அவரிடம் நேராகச் சொல்லிவிட்டார்: எடையும் சீனியும் இப்படியே இருந்தால் அடுத்த பரிசோதனையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். சொல்லிவிட்டு என்னிடம் அனுப்பினார்.

நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்தார் பாலன். சுவரிலிருந்த தட்டுப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எனக்கு ஸ்டியரிங் புடிக்கிறத விட்டா வேற ஒண்ணும் தெரியாது, மிஸ்ஸி. கையெழுத்து கிடைக்கலேன்னா நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான். எதுனாச்சும் பண்ணுங்க.”

நான் யாரிடமும் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அவரிடமும் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன்.

“தூங்கி எழுந்தா களைப்பு போவுதா?”

“என்ன மிஸ்ஸி, சோறு எவ்வளவு சாப்பிடுறேன்னு கேப்பீங்கன்னு பார்த்தா, தூக்கத்தப் பத்திக் கேக்கிறீங்களே லா!”

“போவுதா, இல்லியா?”

“களைப்பு எங்க போவுது? பஸ்ஸ நிறுத்தினா அப்படியே சாஞ்சிருவேன். நான் விடுற குறட்டைக்கு மேல் மாடிக்காரன் கதவத் தட்டுறான்னு வீட்டுக்காரி சொல்லுவா.”

தூக்கம் துண்டு துண்டாகப் போகிற உடம்பு மறுநாள் இனிப்பையும் எண்ணெயையும் தேடும். இதை உங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். ஷிஃப்ட் ஆட்களிடம் அதுதான் பாதிக் கதை. குறட்டையை டாக்டரிடம் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தோம். அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகுதான் சாப்பாட்டுக்கு வந்தேன். காலையில் என்ன வாங்கிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

“நான் எங்க வாங்குறேன்? எல்லாம் அவங்க குடுக்கிறது.”

அவருடைய பஸ்ஸில் அப்படி ஒரு வழக்கம். ஏறும்போது யாராவது ஒருவர் டிரைவருக்கு ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போவார். ஒருவர் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வைத்தால் இன்னொருவர் எண்ணெயில் பொரித்த கறிபாப் வைப்பார். பால், சீனி, ஐஸ் எல்லாம் கலந்த தேத்தண்ணியான தே ஆயிஸ் பிளாஸ்டிக் பையில் வரும். ரப்பர் வளையத்தில் கட்டி, உறிஞ்சுகுழாய் செருகி, டிரைவர் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். நம் தமிழ்ப் பெண்கள் முதல் நாள் பலகாரத்தைக் கொடுப்பார்கள். தீபாவளி, ஹரி ராயா, சீனப் பெருநாள் என்று வந்தால் பஸ்ஸின் முன்பக்கம் கடை மாதிரி ஆகிவிடும். எவரும் அவரைக் கெடுக்க நினைத்துக் கொடுக்கவில்லை. விடியும் முன்னே எழுந்து தங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனிதருக்குச் செய்யும் மரியாதை அது.

“வேண்டாம்னு சொல்லலாமில்ல?” என்றேன்.

“சொல்லிப் பாருங்களேன். ‘என்ன பாலன், எங்க வீட்டுச் சாப்பாடு ஆவாதா’ன்னு மூஞ்சி வாடிப்போவும். அதுக்குத் தின்னுட்டே போயிரலாம்.”

நான் பெரிய திட்டம் எதையும் கொடுக்கவில்லை. இனிப்புத் தண்ணீரில் ஒரு பையைக் குறைக்கப் பாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

சில வாரங்கள் கழித்து வந்தபோது மெஷினில் ஏறியவரைப் பார்த்து நர்ஸ் கைதட்டினாள். எடை மளமளவென்று இறங்கியிருந்தது. பெல்ட்டில் புது ஓட்டை. மாப்பிள்ளை மாதிரி நின்றார் பாலன்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கன்னம் ஒடுங்கியிருந்தது, உதடு காய்ந்திருந்தது, தண்ணீர்க் குவளையை வாங்கிய கை லேசாக நடுங்கியது. சனிக்கிழமைகூட ஓய்வில்லாத மனிதர், பொட்டலத்தை மறுக்கத் தெரியாத மனிதர். இவ்வளவு சீக்கிரம் எப்படி?

“என்ன செஞ்சீங்க, பாலன்?”

“நீங்க சொன்னதத்தான் மிஸ்ஸி. வாயக் கட்டிட்டேன்.”

“பொட்டலமெல்லாம்?”

“அதெல்லாம் சமாளிச்சாச்சு லா,” என்று கண்ணைச் சிமிட்டினார்.

எடை கூடினால் நாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். குறைந்தால் கைதட்டுகிறோம். இதை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்: வேகமாகக் குறைந்த எடைக்கும் காரணம் கேளுங்கள். அவர் சொல்லாததால், நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் வீடும் பெர்மாஸ் ஜெயாதான். நாளைக்கு உங்கள் பஸ்ஸில் வருகிறேன், கிளினிக் பக்கம் இறக்கிவிடுங்கள் என்றேன். தாராளமா வாங்க என்றார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலிலேயே பஸ் வந்து நின்றது. நான் நிறுத்தத்துக்குப் போகத் தயாராகிக் கொண்டிருந்தேன், அவர் விடவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் செய்தார். ஒவ்வொரு புளோக் வாசலிலும் நிறுத்தினார். ஒரு காலத்தில் தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் முகப்பில் மட்டுமே நிறுத்துவாராம். இருட்டில் நடந்து வந்த ஒரு பெண்ணின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்தவன் பறித்துக்கொண்டு போன பிறகு வாசலுக்கே வரத் தொடங்கியிருக்கிறார். நல்ல மனசுதான். அந்த நாளிலிருந்து அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் காலையில் நடப்பது லிஃப்டிலிருந்து பஸ் படிவரை. தொழிற்சாலைக்குள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பார்கள், அல்லது உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வந்தால் வாசலில் இறங்கி லிஃப்ட் ஏறுவார்கள். வெயிலும் மழையும் லாரியும் இருக்கிற ஊரில் வேறு எங்கே நடப்பது? சோம்பேறிகள் என்று இவர்களைச் சொல்கிற வாயை நான் அந்த பஸ்ஸில் ஒரு வாரம் உட்கார வைப்பேன்.

முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் மக்சிக் ரொஹானி உட்கார்ந்திருந்தார். மக்சிக் என்றால் மலாய்க்காரர்கள் பெரியம்மா வயதுப் பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல். தொழிற்சாலையில் துப்புரவு வேலை. பாலனுக்கு நாசி லெமாக் கொடுத்துப் பழக்கியவர்களில் முதல் ஆள் அவர்தான். அன்று அவர் மடியில் அவருடைய தே ஆயிஸ் பை மட்டும் இருந்தது. டிரைவர் பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது. ஏறியவர்களில் ஒருவர்கூட அவருக்கு எதையும் வைக்கவில்லை.

“இன்றைக்கு டிரைவருக்கு ஒன்றும் இல்லையா?” என்று மலாயில் கேட்டேன்.

“உனக்குத் தெரியாதா? அவர் புவாசா,” என்றார் மக்சிக் பெருமையாக. “தைப்பூசம் வருகிறதே. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட மாட்டார், சாயங்காலம் சாமி கும்பிட்ட பிறகு ஒரு வேளைதான். நோன்பு இருக்கிறவருக்கு முன்னால் சாப்பாட்டை நீட்டலாமா? பாவம்.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இந்த நாட்டில் ‘வேண்டாம்’ என்று சொன்னால் மனம் நோகும். ‘டயட்’ என்று சொன்னால் சிரிப்பார்கள், இன்றைக்கு மட்டும் சாப்பிடு என்பார்கள். ‘விரதம்’ என்று சொன்னால் மலாய்க்காரர், சீனர், தமிழர் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். பாலன் தைப்பூசத்துக்கு வெகு நாள் முன்பே விரதத்தைத் தொடங்கிவிட்டார். முருகனுக்கு வேண்டுதலும் ஆயிற்று, பொட்டலத்துக்குத் தடையும் ஆயிற்று, மெஷினில் எடையும் இறங்கிற்று. அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது மாத்திரை ஞாபகம் வந்தது.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது சீனியை இறக்கும் மாத்திரை. அதை வயிற்றில் சோறு விழும் என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறோம். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சீனி அளவு மீறி இறங்கிவிடும்.

எழுந்து அவர் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏர்கானில் மற்றவர்கள் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள், பாலனின் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. காலருக்குள் உருத்திராட்ச மாலை தெரிந்தது.

“பாலன், காலையில மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேனே. அத விட மாட்டேன்.” நாக்கு குழறியது.

“சாப்பிட்டீங்களா?”

பஸ் ஒரு புளோக்கைத் தாண்டிப் போயிற்று. பின்னாலிருந்து யாரோ “அலமாக், பாலன், என் தங்கச்சி அங்க நிக்கிறா!” என்று கத்தினார்கள். அவருக்குக் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. நெடுஞ்சாலைக்கு ஏறினோம். இருபக்கமும் டேங்கர் லாரிகள். பஸ் வெள்ளைக் கோட்டின் மேல் போய் மெதுவாகத் திரும்பி வந்தது.

“பாலன், ஓரமா நிறுத்துங்க.”

“ஃபேக்டரி கேட்டு கிட்டதான் மிஸ்ஸி. போயிரலாம்.”

“நிறுத்துங்க, உங்களுக்கு முடியல.”

“எனக்கு ஒண்ணும் இல்ல!” குரல் உயர்ந்தது. பாலன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

சீனி இறங்கியவர்களோடு வாதாடாதீர்கள். அவர்கள் குடித்தவர்கள் மாதிரி முரண்டு பிடிப்பார்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் இல்லவே இல்லை என்று சாதிப்பார்கள். ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கவும் முடியாது. பஸ் நிறைய ஆட்கள். அந்த மனிதரிடம் மயங்காமல் மிச்சமிருந்தது அவருடைய நல்ல மனசு மட்டும்தான் என்று தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ பாலன், எனக்கு வாந்தி வருது. தாங்க முடியல. நிறுத்துங்க!” என்றேன்.

உடனே சிக்னல் போட்டார். பஸ் ஓரத்துக்குப் போய், புல்லில் ஏறி நின்றது. கை பழக்கத்தில் பிரேக்கைத் தூக்கியது. நான் குனிந்து சாவியை உருவிக்கொண்டேன்.

மக்சிக் மடியிலிருந்த தே ஆயிஸ் பையை வாங்கி அவர் வாயருகே கொண்டுபோனேன். பல வருஷம் ஜனங்களின் கையிலிருந்து பிடுங்கப் பார்த்த அதே சீனித் தண்ணீரை அன்று குடி குடி என்று கெஞ்சினேன். பாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெஞ்சில் மாலையைக் கையால் மூடினார்.

“வேணாம். விரதம். முருகனுக்கு வேண்டியிருக்கேன்.”

நான் என்ன சொன்னாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கண்கள் சொருக ஆரம்பித்தன. நினைவு தப்பிவிட்டால் வாயில் ஊற்றக்கூட முடியாது. அப்போது மக்சிக் ரொஹானி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

“மினும், பாலன், மினும்,” என்றார். குடி என்று அர்த்தம். பிறகு மலாயில் அதட்டினார். “எங்கள் புவாசாவிலேயே நோயாளி நோன்பை முறிக்கலாம் என்று இருக்கிறது. உன் சாமிக்கு மட்டும் அந்த இரக்கம் இல்லையா? இத்தனை பேர் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறோம். குடி!”

அவர் மக்சிக்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உறிஞ்சுகுழாயை வாயில் வைத்தார். பை காலியானது. இன்னொருவர் இன்னொரு பையை நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கியது, பேச்சு தெளிந்தது. முதலில் என்னைப் பார்த்து, “வாந்தி நின்னுருச்சா மிஸ்ஸி?” என்றுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“குடுங்க. இப்ப நல்லாயிட்டேன். இவங்களுக்கு நேரமாவுது.”

நேரமாகத்தான் போயிற்று. சாலையோரம் நடைபாதை இல்லை. டேங்கர் லாரிகளுக்கு நடுவில் இறங்கி நடக்கவும் வழியில்லை. கூப்பிடு தூரத்தில் தொழிற்சாலைப் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பின்னாலிருந்து ஒருவர், “வாந்தின்னு சொன்னாங்க, ஒண்ணையும் காணோமே,” என்று முணுமுணுத்தார். மாற்று பஸ் வந்து எல்லோரையும் ஏற்றிப்போனது. பலருக்கு அந்த மாத ஊக்கத்தொகை போயிற்று. பிறகு என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு.

காலி பஸ்ஸில் நானும் பாலனும் மட்டும்.

“பாலன், இத நான் டாக்டர்கிட்ட சொல்லணும்.”

“சொல்லாதீங்க மிஸ்ஸி. சொன்னா கையெழுத்து போச்சு. இனிமே சாப்பிட்டுட்டு மாத்திரை போடுறேன், சத்தியமா. யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?”

“ஆகியிருந்தா?”

“நான் உங்கள நம்பித்தானே பஸ்ல ஏத்தினேன்.”

அவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். இதிலாவது என் பேச்சைக் கேளுங்கள்: ஒருவருடைய பிழைப்பைத் தொடுகிற விஷயத்தை அவர் காது கேட்கச் சொல்லுங்கள்.

டாக்டர் முழுதும் கேட்டுவிட்டு எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று சொன்னார். ரமலான் மாதம் நெருங்கினால் ஒவ்வொரு மலாய் நோயாளியிடமும் நோன்பு இருக்கப் போகிறீர்களா என்று கேட்டு மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறோம். தைப்பூசத்துக்கும் புரட்டாசிக்கும் யாராவது கேட்டோமா? யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கேள்வி எங்கள் கிளினிக்கில் எல்லோருக்கும் பொதுவாயிற்று. நீங்கள் போகும் இடத்தில் இல்லையென்றால் நீங்கள் தொடங்கிவையுங்கள்.

கையெழுத்து கிடைக்கவில்லை. பாலன் பல மாதம் பஸ் ஓட்டவில்லை. கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பாமல் யார்டில் பஸ் கழுவுகிற வேலையில் போட்டது. வருமானம் குறைந்ததால் மனைவி சிங்கப்பூரில் ஓவர்டைம் செய்தார் என்று கேள்விப்பட்டேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். தூக்கப் பரிசோதனையும் ஒருவழியாக வந்தது. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகிறது என்று கண்டுபிடித்து, ராத்திரி முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். இதெல்லாம் ஃபைலில் படித்துத் தெரிந்துகொண்டது. நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவர் கிளினிக்குக்கு வந்தார். ஒரு முறை வராந்தாவில் எதிரெதிரே வந்துவிட்டோம். மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வலித்தது. செய்தது சரி என்று தெரிந்தாலும் வலிக்கும். அதற்கும் தயாராக இருங்கள்.

அவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்த சமயத்தில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. மார்க்கெட்டில் மக்சிக் ரொஹானி என்னைப் பிடித்துக்கொண்டு புலம்பியதில்தான் தெரிந்தது. பாலன் இப்போது புளோக் வாசலுக்கு வருவதில்லையாம். விளக்குக் கம்பம் உள்ள தாமான் முகப்பில் ஒரே நிறுத்தம். எல்லோரும் சேர்ந்து கூட்டமாக நடந்து வாருங்கள், கூட்டத்தில் எவன் பையைப் பறிப்பான் என்கிறாராம். திட்டாதவர்கள் இல்லை. யார்டில் வேலை பார்த்தபோது பாலன் வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில் வீடு திரும்பியிருக்கிறார். அந்த டிரைவர் முகப்பில் இறக்கிவிட, தினமும் வீடுவரை நடந்திருக்கிறார். அப்போது வந்த யோசனையாம்.

“பொட்டலம்?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை மட்டும் வாங்கிக்கொள்கிறார். தேத்தண்ணி சீனி இல்லாமல் வேண்டுமாம்,” என்று உதட்டைப் பிதுக்கினார் மக்சிக். “கசப்பு! அதை எப்படித்தான் குடிக்கிறாரோ.”

பாலன் ஒல்லியாகிவிட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. விரதத்தில் இறங்கிய எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. மீதி வரவில்லை. நம் வேலையில் அது நல்ல செய்தி.

போன மாதம் அவர் ஆட்களைக் கொண்டுபோய் விடும் தொழிற்சாலையில் உணவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கார் அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம், பஸ்ஸிலேயே வருகிறேன் என்றேன். மனதில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. விடிகாலையில், பஸ் முகப்புக்குப் போகும் வழியிலேயே இருக்கும் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்தது. நான் கை காட்டினேன். பாலன் என்னைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பஸ் என்னைத் தாண்டிப் போய், தூரத்தில் விளக்குக் கம்பத்தடியில் நின்றது. கதவு திறந்துகொண்டது.

திட்டிக்கொண்டே நடந்தேன். முழங்கால் வலி, போதாக்குறைக்கு மூச்சு வாங்கியது. ஓய்வு பெற்ற பிறகு உடம்பை நானும் கவனிக்கவில்லை. ராத்திரியில் விட்டு விட்டுத்தான் தூக்கம், பகலில் நாற்காலியில் கண் சொருகும். படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கதவை மூடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தூங்கி எழுந்தா களைப்பு போவுதா, மிஸ்ஸி?”

பொய் சொல்லத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்ல பாலன்,” என்றேன்.

“டாக்டரப் போய்ப் பாருங்க. நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்லிருவேன்.”

கதவை மூடிவிட்டு, முன் சீட்டில் இருந்த மக்சிக்கைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். நான் உட்காரும்வரை பஸ்ஸை எடுக்கவில்லை.